அம்மா கட்டிலிலிருந்து வைத்த கஞ்சி

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் மேல் பிரியம் என்றால் சொதி வைப்போம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுவது வழக்கம். அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பேர். தேங்காயை மூன்று முறை பால் பிழிய வேண்டும். காய்கள் மூன்றாம் பாலில் வேகும், முதல் பால் கடைசியில் சேரும். இறக்கி வைத்து எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அம்மாவுக்கு அது உயிர்.

2018 ஏப்ரலில் அம்மாவுக்கு முதல் கீமோ. மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை என்று ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்பா இறந்து நாலு வருடமாகி, பாளையங்கோட்டை வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். என் வேலை கணக்கு வேலை, மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். மனைவியையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் சென்னையில் விட்டுவிட்டு நான் மட்டும் ஊருக்கு வந்தேன். எனக்கு அதுவரை தோசை சுடவும் காப்பி போடவும்தான் தெரியும்.

முதல் கீமோ முடிந்து வந்த சாயங்காலம் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். "ஒண்ணும் செய்யலியே எய்யா, இதுக்கா இப்படிப் பயந்தோம்" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு மணி நேரம் பாடுபட்டுச் சொதி வைத்தேன். அம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி தொடங்கியது. மூன்று நாள் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு சொதி என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு ஓங்கரிப்பு வந்தது. தேங்காய்ப் பால் வாசனையே ஆகவில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸம்மா, "மருந்து ஏத்துற அன்னைக்குப் பிடிச்ச சாப்பாட்டைக் குடுக்கவே கூடாது சார்" என்றார். வாந்தி மருந்தால்தான் வருகிறது. ஆனால் உடம்பு அதைக் கடைசியாகத் தின்ற பண்டத்தோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பிறகு எத்தனை மாதமானாலும் அந்தப் பண்டம் வேண்டாம் என்று சொல்லிவிடும். அதனால் மருந்து ஏற்றும் நாளிலும் அதற்கு அடுத்த இரண்டு நாளிலும் இட்லி, ரொட்டி, மோர்ச்சோறு மாதிரி மனதில் ஒட்டாத சாதாரணச் சாப்பாடு போதும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்து தொடங்குகிறது என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். பிடித்த சாப்பாட்டைப் பத்திரமாகத் தள்ளி வையுங்கள். அது பிறகு வேண்டியிருக்கும்.

அடுத்த ஐந்து வாரத்தில் சமைப்பதைவிட வேறு விஷயங்களையே அதிகம் கற்றேன். எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் பொரிகிற வாசனை அம்மாவைப் படுக்கையிலிருந்தே விரட்டியது. ஒற்றை அடுப்பு ஒன்றைப் புறவாசலுக்குக் கொண்டுபோய், தாளிப்பது எல்லாம் அங்கே என்று வைத்துக்கொண்டேன். சூடாக இருக்கும்போதுதான் சாப்பாட்டின் வாசனை தூக்கலாக இருக்கும். அப்போதுதான் சமைத்ததைக் கொஞ்சம் ஆறவிட்டு வெதுவெதுப்பாகக் கொடுத்தால் அம்மா முகம் சுளிக்கவில்லை. எதைத் தின்றாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்பாள். எவர்சில்வர் கிண்ணத்தையும் கரண்டியையும் ஒதுக்கிவிட்டுப் பீங்கான் கிண்ணமும் மரக்கரண்டியும் வாங்கி வந்தேன். இரும்பு ருசி முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்தது. தட்டு நிறையப் போட்டு வைத்தால் பார்த்ததுமே மலைத்துவிடுவாள். ஒரு கை அளவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினேன்.

இதெல்லாம் செய்தும் அம்மா நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனாள். சாப்பாடு உள்ளே போவது போயிற்று. ஆனால் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தபடி பேசாமல் கிடப்பது என்னைப் பயமுறுத்தியது. கிண்ணத்தைக் கொண்டு வைத்தால், "உனக்கு எவ்வளவு கஷ்டம்" என்பாள். நாற்பது வருடம் வந்தவர் போனவருக்கெல்லாம் போட்ட கை அது. வாங்கித் தின்பது அவளுக்கு உடம்பு வலியைவிடப் பெரிய வலியாக இருந்திருக்கிறது. அது அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது கீமோ மே 18-ஆம் தேதி. நாலு நாள் கழித்து, மே 22 அன்று, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் 13 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். தெருவே பேச்சற்றுக் கிடந்தது. எங்களுக்கும் தூத்துக்குடியில் சொந்தக்காரர்கள் உண்டு. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்து முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது. என் அலுவலக வேலையும் நின்றது. அடுக்களையில் போய் நின்றால், பார்த்துச் சமைக்க வீடியோவும் இல்லை.

அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அம்மாவிடம் போய், "கஞ்சி எப்படிம்மா வைக்கணும்?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அம்மா திரும்பிப் படுத்தாள். "நொய் எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. கீழ்த்தட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். அம்பை 16 அரிசியைப் புடைக்கும்போது விழுகிற நொய்யை அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். "குக்கர்ல வைக்காதே. வெங்கலப் பானைய எறக்கு" என்றாள். நான் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "அரை ஆழாக்கு நொய். சிறுபருப்பு ஒரு சின்னக் கை. பருப்ப மட்டும் வெறும் சட்டியில வறு. கைய எடுத்திராதே, வாசம் வந்துட்டுன்னா எறக்கிரு."

அரை ஆழாக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அரிசிப் பானைக்குள் கிடந்த பித்தளை ஆழாக்கை எடுத்துவரச் சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து, என் காப்பி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஊற்றி அளந்து காட்டினாள். எங்கள் வீட்டு டம்ளருக்கு முக்கால் வந்தது. மே மாதத்தில் அவள் தானாக எழுந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கணக்கைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இன்னும் அதை வைத்துத்தான் செய்கிறேன். முக்கால் டம்ளர் நொய், ஒரு கை வறுத்த சிறுபருப்பு, எட்டு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்த பிறகு நொய்யும் பருப்பும் போட வேண்டும். கூடவே உரித்த பூண்டு ஆறு பல், அரைத் தேக்கரண்டி வெந்தயம், அரைத் தேக்கரண்டி சீரகம், தட்டிய சுக்கு ஒரு துண்டு. தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். அகப்பையால் நன்றாக மசித்துவிட்டால் பூண்டு இருப்பதே தெரியாது. குக்கரில் வைப்பதென்றால் தண்ணீரை ஒன்றரை டம்ளர் குறைத்து ஐந்து விசில் விடலாம். அவசரத்துக்கு அப்படியும் செய்திருக்கிறேன், ஆனால் பானையில் கொதித்த கஞ்சியின் வழுவழுப்பு அதில் வருவதில்லை.

பானை வேண்டும் என்று அம்மா சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அரை மணி நேரம் கழித்து உள்ளே இருந்து குரல் வந்தது: "கொதி சத்தம் மாறிட்டு, அடியில பிடிக்கப் போகுது. கிண்டு." நான் ஓடிப்போய்க் கிண்டினேன். அடி லேசாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. நாக்கு ருசி தெரியாமல் கிடந்த நாளில் அவள் காதால் சமைத்தாள்.

அன்றைக்கு அரைக் கிண்ணம் குடித்தாள். அது பெரிய அளவு இல்லை. ஆனால் குடித்துவிட்டு, "நாளைக்கு உளுந்தங்கஞ்சி சொல்லித் தாரேன்" என்றாள். நாளைக்கு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

நோயாளிக்குச் சத்தானதைச் செய்து கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். அதோடு கேட்கவும் வேண்டும் என்று அந்த வாரம் கற்றேன். எவ்வளவு, எப்போது, எந்தப் பாத்திரத்தில் என்று கேளுங்கள். தெரிந்திருந்தாலும் கேளுங்கள். அவர்கள் தவறாகச் சொன்னாலும் ஒருநாள் அப்படியே செய்துபாருங்கள். அடுக்களையில் அவர்களுக்கு இருந்த இடம் அப்படியே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எங்கள் அம்மாவுக்கு அது கஞ்சியைவிட அதிகமாக வேலை செய்தது என்று நம்புகிறேன்.

அதே வாரம் ரமலான் நோன்பும் தொடங்கியிருந்தது. முஸ்லிம்கள் நிறையப் பேர் இருக்கிற மேலப்பாளையம் எங்கள் தெருவிலிருந்து பக்கம்தான். இரண்டு வீடு தள்ளி இருக்கிற மாமியை அம்மாவுக்கு முப்பது வருடப் பழக்கம், "மைனி" என்றுதான் கூப்பிடுவாள். வருடா வருடம் அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு நோன்புக் கஞ்சி வரும். அந்த வருடம் சாயங்காலம் மாமியே தூக்குவாளியோடு வந்தார். "பள்ளிவாசல் கஞ்சியில கறி கிடக்கும். இது வீட்டில தனியா வச்சது தம்பி. தேங்காய்ப் பாலும் ஊத்தல, அம்மாவுக்கு ஆகலைன்னு சொன்னாங்களே" என்றார். அரிசி, சிறுபருப்பு, வெந்தயம், பூண்டு, கூடவே பட்டை, மல்லி, புதினா. காலையில் எங்கள் பானையில் கிடந்த அதே சாமான்கள்தான், வாசனை மட்டும் வேறு. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றுக்கு முதலில் போகிற உணவும் இதுதான், மருந்தில் புண்ணான வயிற்றுக்கு ஒத்துப்போகிற உணவும் இதுதான். வெறும் வயிற்றைக் கனமாக்காமல் நிரப்பத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த பண்டம்.

மாமி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது என்னைப் பார்த்து, "நீ என்ன சாப்பிட்டே தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. காலையில் டீ, மதியம் டீயும் பன்னும், ராத்திரி கடையில் பரோட்டா என்று ஒன்றரை மாதம் ஓட்டியிருந்தேன். நெஞ்செரிச்சலில் பாதி ராத்திரி தூங்காமல் கிடப்பேன். அம்மாவுக்காக வைத்த கஞ்சியில் எனக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ள ஒருநாளும் தோன்றவில்லை. அவளுடையதை எடுப்பது போல ஒரு கூச்சம். மாமி வாளி மூடியைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்றார். மூன்றாவது மடக்கில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பானையில் ஒன்றரை மடங்கு வைத்தேன். அம்மாவும் நானும் ஒரே நேரத்தில், ஒரே கஞ்சியைக் குடித்தோம். எனக்கு மட்டும் துவரம் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் அம்மாவும் இரண்டு கரண்டி கூடக் குடித்தாள். தனக்காக மட்டும் வைத்த கிண்ணம் அவளுக்கு மருந்து மாதிரி. இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் அது சாப்பாடு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவர்களோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டில் ஒரு பங்கைச் சாப்பிடுங்கள். நோயாளியைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போகிறவர்கள், பழக்கூடையோடு ஒரு தூக்கு ரசமும் சோறும் கொண்டுபோங்கள். பழம் நோயாளிக்குப் போய்விடும். அந்தச் சோறு பார்த்துக்கொள்கிறவருக்கு.

உளுந்தங்கஞ்சிக்கும் கணக்கு எழுதியிருக்கிறேன். தோலோடு இருக்கிற கருப்பு உளுந்து அரை டம்ளர், நொய் கால் டம்ளர், இரண்டையும் தனித்தனியாக வறுத்து, வெந்தயம் கால் தேக்கரண்டி சேர்த்துக் குழைய வேகவிட வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியை அதில் நேரே போடக் கூடாது. மண் கிடக்கும். கொஞ்சம் தண்ணீரில் தனியே கரைத்துக் காய்ச்சி, வடிகட்டி ஊற்ற வேண்டும். எங்கள் ஆச்சி வயதுக்கு வந்த பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இடுப்புக்குப் பலம் என்று கொடுத்தது இது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லாததால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. சர்க்கரை இருப்பவர்கள் கருப்பட்டிதானே என்று ஊற்றிவிட வேண்டாம், அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். குழைந்த நொய்க்கஞ்சியும் சீக்கிரமே ஏற்றும். கீமோவோடு கொடுக்கிற சில ஸ்டீராய்டு மருந்துகளும் ஏற்றும். மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதுதான் நல்லது.

கஞ்சி ஆறுதல் தரும். கஞ்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது. மருத்துவர் வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொன்னார். ஜூன் தொடக்கத்தில் இரண்டு கிலோ குறைந்தபோது கண்டிப்பாகச் சொன்னார், புரதம் போதவில்லை என்று. நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. அதன்பிறகு கஞ்சியில் பருப்பின் அளவை இரட்டித்தேன். வறுத்த நிலக்கடலையை மாவாகத் திரித்துப் பாலில் கலந்தேன். பன்னீரை உதிர்த்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தேன். அம்மாவுக்குப் பன்னீர் என்றால் கொஞ்சம் அந்நியம்தான். பழகிக்கொண்டாள்.

மறுக்க வேண்டி வந்ததும் உண்டு. மே, ஜூன் வெயிலில் பாளையங்கோட்டையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் இல்லாமல் காலை விடியாது. அம்மா அதைக் கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். மருந்து ஏற்றி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் என்றும், அப்போது சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். ராத்திரி முழுக்க ஊறிய சோறும் பச்சை வெங்காயமும் கூடாது. புதிதாகச் சமைத்தது, காய்ச்சி ஆற்றிய தண்ணீர், தோல் உரிக்க முடிகிற பழம் இவைதான். நம் சாப்பாடு நல்லதுதானே என்று இங்கே இரக்கப்பட முடியவில்லை. புதிதாக வடித்த சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆற்றிய தண்ணீர் ஊற்றிக் கரைத்து, உப்புப் போட்டுக் கொடுத்தேன். "புளிப்பு எங்கல?" என்று கேட்டுவிட்டுக் குடித்தாள்.

நாலாவது கீமோவுக்குப் பிறகு வாய்ப்புண் வந்தது. அந்த பத்து நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மிளகு, புளி, எலுமிச்சை எல்லாம் நெருப்பு. நர்ஸம்மா சொன்னபடி உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய் கொப்பளிக்க வைத்தேன். பருப்பு வேகவைத்த தண்ணீர், வடிகட்டிய கஞ்சி, ஆறின பால் என்று போயிற்று. அப்போதும் அம்மா பேச முடியாமல் கையால் அளவு காட்டுவாள். நான் டப்பாவைத் தூக்கிக் காட்ட, வேண்டும், வேண்டாம் என்று தலையாட்டுவாள். அடுக்களைக் கதவுக்கு நேராக அவள் கட்டிலைத் திருப்பிப் போட்டது அந்த நாட்களில்தான். முதல் மாதமே அதைச் செய்திருக்கலாம்.

ஜூலை 20-ஆம் தேதி ஆறாவது கீமோ முடிந்தது. குற்றாலச் சாரலின் ஈரக்காற்று எங்கள் தெருவரை வந்துகொண்டிருந்தது. செப்டம்பர் கடைசியில், இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகு, மருத்துவர் பழைய சோற்றுக்குச் சம்மதித்தார். அன்று ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது அம்மா. என்னைத் தொடவிடவில்லை.

அடுத்த பொங்கலுக்கு மனைவியும் மகளும் ஊருக்கு வந்திருந்தார்கள். மகள் ஆச்சியிடம் சொதி கேட்டாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அம்மா என்னைக் கவனிக்காத மாதிரி, "தேங்கா ரெண்டு உடை" என்றாள். பால் பிழிகிற வேலையை எனக்குக் கொடுத்தாள். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மூன்றாம் பாலில் வெந்துகொண்டிருக்க, முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கிண்டினாள். ருசி பார்க்கவில்லை. கொதி சத்தத்தைக் கேட்டு, முதல் பால் ஊற்ற நேரம் சொன்னாள். எலுமிச்சை எவ்வளவு என்று விதையை எண்ணுகிற மாதிரி விரலைப் பார்த்துச் சொன்னாள். மகள் மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டாள். அம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பீங்கான் கிண்ணத்தில் நான் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, "இதுல உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள்.